கோபுரமும் வேணும், வானமும் வேணும்

திருத்தணி மலைப்படி ஏறுகிறவர்கள் நடுவழியில் மூச்சு வாங்க நிற்கும்போது மேலே பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். நம் கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரிடமும் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். எடுத்துப் பாருங்கள். வானம் நீலமாக வந்திருந்தால் படியோர மண்டபத்துத் தூண்கள் கரிக்கட்டை மாதிரி இருக்கும். தூண் தெளிவாக இருந்தால் வானம் சுண்ணாம்பு அடித்த சுவர். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

இது கேமராவின் குறை என்று சொல்லிவிட முடியாது. உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். பத்தடி தள்ளி மண்டபத்துக்குள்ளே அது சில நூறுதான், மூலையில் இன்னும் குறைவு. நம் கண் அங்கும் இங்கும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடுகிறது. கேமராவுக்கு ஒரே ஒரு பார்வைதானே!

இந்தத் தொல்லை நம் ஊர்க் கோயில்களில் 1857-லேயே ஆரம்பித்துவிட்டது. கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1856-ல் மெட்ராஸ் ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றினார். பெரும்பாலும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அந்தக் கால வெள்ளி உப்புக்கு நீல ஒளிதான் நன்றாகப் பிடிபடும்; சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய இருட்டு. ஆகவே நீல வானம் அச்சில் வெளுத்துப்போகும், செங்கல்லும் செம்மண்ணும் மரமும் கறுத்துப்போகும். இயற்கையில் உள்ள வித்தியாசம் போதாதென்று ரசாயனமும் தன் பங்குக்குக் கூட்டிவிட்டது. (இந்த ‘நிறக்குருடு’க்கு மருந்து 1873-ல்தான் வந்தது. ஜெர்மானியரான ஹெர்மன் வோகல் சாயம் கலந்து கண்டுபிடித்தார்.)

டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார்! அவருடைய படங்களில் பின்னால் மிதக்கிற மேகங்கள் பலவும் கை வேலை. கல் நிஜம், வானம் கற்பனை. ஆனால் கல்லை எடுப்பதில் மனிதர் அசுர உழைப்பாளி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 1858-ல் வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் கோயில் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் படித்து அச்சிடத் தொடங்கியது 1891-ல். இவர் அதற்கு 33 வருஷம் முந்தி! 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யனுக்கு இதெல்லாம் ஆடம்பரச் செலவாகப் பட்டது. வேலையை நிறுத்திவிட்டார். நமக்குத்தான் நஷ்டம்.

அதே 1850-களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே வேறு வழி பிடித்தார். டிரைப் பயன்படுத்திய மெழுகுக் காகித முறையைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ், இரண்டையும் சேர்த்து ஒரே அச்சு. இன்று நாம் எச்.டி.ஆர். என்று சொல்வதற்கு இவர்தான் மூத்த தாத்தா.

1890-ல் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் இங்கிலாந்தில் இதைக் கணக்காக்கினார்கள். எவ்வளவு ஒளி விழுந்தால் நெகட்டிவ் எவ்வளவு கறுக்கும் என்று வரைந்த அந்த வளைகோடு எஸ் எழுத்துப் போல இருக்கும். நடுவில் ஏறக்குறைய நேர்கோடு, இரண்டு முனையும் படுத்துவிடும். படுத்த இடத்தில் விவரம் போச்சு. அமெரிக்காவில் சார்லஸ் வைக்காஃப் அணுகுண்டு வெடிப்பைப் படம் எடுக்க வேகம் வேறுபட்ட மூன்று அடுக்குகளை ஒரே ஃபிலிமில் வைத்தது இந்த முனைகளைத் தாண்டத்தான்.

இனி தலைப்புக்கு நேராக வருவோம். ஆட்டோ பிராக்கெட்டிங் என்பது ஒரே காட்சியைக் குறைவாக, சரியாக, கூடுதலாக என்று மூன்று முறை கேமராவே எடுத்துத் தருவது. கேனன் ஈ.ஓ.எஸ். 620-ல் 1987-லேயே இந்த வசதி இருந்தது. ஆனால் அப்போது அதன் நோக்கமே வேறு. ஸ்லைடு ஃபிலிமுக்குச் சகிப்புத்தன்மை கம்மி. மூன்றில் ஒன்றாவது தேறட்டும் என்று எடுப்பார்கள், மற்ற இரண்டும் குப்பைக்கு. 36 ரோலில் 12 காட்சிதான் என்றால் யார் எடுப்பார்? தண்டச் செலவு என்று வீட்டில் திட்டு விழும்.

தூக்கிப்போட்ட அந்த இரண்டுக்கும் மதிப்பு வந்தது கம்ப்யூட்டரால். 1995-ல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் மேன், ரோசலிண்ட் பிகார்ட் இருவரும் பல எக்ஸ்போஷர் படங்களைச் சேர்த்து ஒளியின் வீச்சை விரிப்பது பற்றி எழுதினார்கள். 1997-ல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் அதைச் செம்மையாக்கினார்கள். மாலிக் நம்ம ஆள், ஐ.ஐ.டி. கான்பூரில் 1980-ல் மின்பொறியியல் முடித்தவர். ஒரு தேவாலயத்தின் உள்ளே, 30 விநாடியிலிருந்து 1/1000 விநாடி வரை ஒவ்வொரு ஸ்டாப்பாக 16 படங்கள். ஷட்டர் நேரம் தெரிந்தால் போதும், ஹர்ட்டர்–டிரிஃபீல்ட் வளைகோட்டை அந்தப் படங்களிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்று காட்டினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு புள்ளியும் ஒளியின் அளவுமானி. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்: படம் அழகாக வந்தது என்பதைவிட, படம் அளவீடாக மாறியது.

மலைப்படியில் இதைச் செய்ய ஆசைப்படும் இளைஞர்களுக்கு: அப்பர்ச்சரை மாற்றாதீர்கள், மாறினால் ஃபோகஸ் ஆழமும் மாறும். ஐ.எஸ்.ஓ.வும் நிலையாக இருக்கட்டும். நடுப்படம் 1/500 என்றால், இரண்டு ஸ்டாப் வைத்தால், மற்றவை 1/2000, 1/125. மொத்தம் 4 ஸ்டாப், அதாவது 16 மடங்கு வீச்சு கூடுதலாகக் கிடைக்கிறது. டிரைபாட் நல்லது, இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரே டிரைபாட். கோயிலுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரிலேயே மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொல்லிவிட்டது, ஆகவே வெளியில் நின்றே எடுக்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் இது உதவாது. மூன்று படத்துக்குள் ஆள் நகர்ந்துவிடுவார், ஒரே காவடிக்கு மூன்று நிழலுரு வரும். டிசம்பர் 31 படித் திருவிழாவில் கற்பூரச் சுடரும் அப்படியே, அசைந்துகொண்டே இருக்கும். ஆளும் சுடரும் இல்லாத கல்லுக்குத்தான் இது சரியான ஆயுதம்.

இப்போது கைபேசி இதையெல்லாம் நம்மைக் கேட்காமலே செய்கிறது. 2010 செப்டம்பரில் ஐஃபோன் 4-க்கு எச்.டி.ஆர். வந்தது, அதுவும் மூன்று எக்ஸ்போஷர்தான். 2013-ல் கூகுள் வேறு வழியில் போனது: ஒரே குறைந்த எக்ஸ்போஷரில் பல படங்களை எடுத்துச் சராசரி காண்பது. படம் பளிச்சென்று வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் மண்டபத்து இருட்டு எங்கே போயிற்று? வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் தடுமாறுகிற அந்த இருட்டு ஸ்தபதி வைத்தது. மென்பொருள் அதைத் தவறு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. டிரைப் வரைந்த மேகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் தூரிகையின் தடமாவது நெகட்டிவில் கிடக்கிறது. கைபேசியில் தனித்தனிப் படங்கள் சேர்ந்த கையோடு அழிந்துபோகின்றன.

திருப்பணி நடக்கும்போது தூணுக்குப் பெயின்ட் ஏறும், கல்வெட்டு மேல் சிமெண்ட் பூசப்படும். அப்போது நேற்று எப்படி இருந்தது என்று கேட்டால் படம்தான் சாட்சி. சேர்த்த படத்தை நண்பர்களுக்கு அனுப்புங்கள், தவறில்லை. சேர்க்காத மூன்று ரா கோப்புகளையும் தேதி, நேரம், நின்ற படி எண் போட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு காட்சிக்கு நூறு எம்.பி. போல ஆகும். டிரைப்பின் வண்டிப் பாரத்தோடு பார்த்தால் இது ஒரு சுமையா?