202 சுற்றுகள்: வெண்டெல் ஸ்காட்டின் ஜாக்சன்வில் வெற்றி

1963 டிசம்பர் 1 அன்று, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், அரை மைல் மண் தடத்தில் நடந்த 200 சுற்றுப் பந்தயத்தில் வென்றவர் வெண்டெல் ஸ்காட். அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் வென்றது அதுவே முதல்முறை. ஆனால் 200ஆவது சுற்றை முடித்தபோது அவருக்குக் கட்டக்கொடி அசைக்கப்படவில்லை. அவர் மேலும் இரண்டு சுற்று ஓட்டினார். வெற்றியாளர் என அறிவிக்கப்பட்டவர் பக் பேக்கர். கோப்பையும் அவரோடு போனது. கூட்டம் கலைந்த பிறகே ஸ்காட்டின் வெற்றி ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதனை வெறும் எண்ணிக்கைப் பிழையாகக் கொள்ளும் வாசிப்பு நெடுநாள் செல்வாக்குடையது. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அக்காலத்தில் ஒவ்வொரு காரின் சுற்றையும் தாளில் கையால் குறித்துவந்தனர். புழுதி பறக்கும் குறுந்தடத்தில் ஒரு கோடு விடுபடுவது அரிதன்று. 1959இல் முதல் டேடோனா 500 பந்தயத்தில் ஜானி போசாம்ப் வென்றதாக அறிவிக்கப்பட்டு, மூன்று நாள் கழித்து லீ பெட்டிக்கு வெற்றி வழங்கப்பட்டது. ஆகவே தவறான அறிவிப்பை மட்டும் வைத்து இனப்பாகுபாட்டை நிறுவ முடியாது.

எனினும் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. டேடோனாவில் கார்கள் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைக் கடந்தன. புகைப்படமும் செய்திப்படமும் கொண்டே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஜாக்சன்வில்லில் இடைவெளி இரண்டு சுற்று, அதாவது ஒரு முழு மைல். பழுதுபட்ட காருடன் தடுமாறிய ரிச்சர்ட் பெட்டியை, 25 சுற்று எஞ்சியிருக்கையிலேயே ஸ்காட் முந்திவிட்டார். இடைவெளி பெரிதானாலும் கைக்கணக்கு தவறலாம் என்பர், தவறலாம். ஆனால் கணக்கைத் திருத்திய பின் நடந்ததை அது விளக்காது.

பரிசுத்தொகையான 1,000 டாலரும் வெற்றிப் பதிவும் ஸ்காட்டுக்கு வந்தன, கோப்பை வரவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அவர் கைக்கு வந்தது மலிவான மரக் கோப்பை ஒன்று. வெள்ளையின அழகுராணி கறுப்பினத்தவருக்கு மேடையில் முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கவே அறிவிப்பைத் தள்ளிப்போட்டனர் என்று ஸ்காட் கருதினார். அது பாதிக்கப்பட்டவரின் கூற்று என்று ஒதுக்குவோர் உண்டு. அந்த மறுப்பில் வலுவில்லை: தாளில் நேர்ந்த பிழை தாளிலே தீர்ந்துவிட்டது, மேடை மறுக்கப்பட்டதற்குத் தாள் காரணமாகாது. இனப்பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் அமெரிக்காவில் நிறைவேற அப்போது ஏழு மாதம் இருந்தது.

இதே போக்கு அவர் வாழ்க்கை நெடுகிலும் தெரிகிறது. 1952இல் வர்ஜீனியாவின் டான்வில்லில் பந்தய ஏற்பாட்டாளர்கள் கூட்டம் சேர்க்கவே கறுப்பின ஓட்டுநர் ஒருவரைத் தேடினர். கள்ளச் சாராயம் கடத்தியவர் என அறிந்திருந்த காவலர்கள்தாம் ஸ்காட்டின் பெயரைச் சொன்னார்கள். பழைய கார்களைத் தம் கையாலேயே பழுதுபார்த்து, 495 முதல்நிலைப் பந்தயங்களில் அவர் ஓட்டினார். 1966இல் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். 1973 டலடேகா விபத்து அவரது தொடர் ஓட்டத்துக்கு முடிவு கட்டியது. 1990இல் அவர் இறந்தார். ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்தாரிடம் டேடோனாவில் வழங்கியது 2021 ஆகஸ்டில்.