பாறைகள் மறைந்த கடற்கரை

ஜெஃப்ரி சாஸர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய கான்டர்பரிக் கதைகளுள், நிலக்கிழார் ஒருவர் சக யாத்ரீகர்களுக்குச் சொல்வதாக அமைந்த கதையொன்று உண்டு. விவாகம், கௌரவம், சத்தியம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதும் சங்கடத்தை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் பாடல்கள் அக்கால ஆங்கிலத்தில் அபூர்வமே.

பிரிட்டனி தேசத்து வீரனான ஆர்வெராகஸ், டோரிஜன் என்னும் உயர்குல மங்கையை மணக்கும்போது, ஆயுள் உள்ளளவும் அவள் சித்தத்துக்கு விரோதமாக அதிகாரம் செலுத்துவதில்லை என்று சத்தியம் செய்கிறான்; எனினும், தன் அந்தஸ்துக்கு இழுக்கு நேராதபடி தலைவன் என்ற பெயர் மட்டும் தனக்கு இருக்கட்டும் என்கிறான். வாசகர்கள் இந்தச் சிறு நிபந்தனையை மறந்துவிடலாகாது.

அவன் போர்ப்புகழ் தேடி இங்கிலாந்து சென்றிருந்த இரண்டாண்டுக் காலத்தில், அவன் கப்பலுக்கு என்ன நேருமோ என்று கரையோரத்துக் கரும்பாறைகளைக் கண்டு கலங்கிய டோரிஜன், மே மாதத்து நந்தவனத்தில் தன்னிடம் காதல் யாசித்த ஆரீலியஸ் என்ற இளைஞனை மறுத்துவிட்டு, அந்தப் பாறைகளையெல்லாம் அகற்றினால் உன்னை நேசிப்பேன் என்று வேடிக்கையாகச் சொல்லிவைக்கிறாள். விளையாட்டு வினையாயிற்று. ஆயிரம் பவுன் கூலி பேசிய ஆர்லியன்ஸ் நகரத்து மந்திரவாதி, பாறைகள் ஓரிரு வாரங்கள் மறைந்ததுபோலத் தோன்றச் செய்கிறான். தோற்றந்தானே, நிபந்தனை நிறைவேறியதாகுமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை! பாவச் செயலுக்குக் கொடுத்த வாக்கு எவரையும் கட்டாது என்பதே அக்காலத்துச் சமய அறிஞரின் கொள்கை. அதையும் எவரும் நினைவூட்டவில்லை.

ஊர் திரும்பிய கணவன், வாய்மையே மனிதன் காக்கத்தக்க தலையாய பொருள் என்று கூறி அவளைப் போகச் சொல்கிறான். சொன்ன மாத்திரத்தில் அழுகிறான். அடுத்த மூச்சிலேயே, இதை யாரிடமேனும் வெளியிட்டால் உயிர் போகும் என்று மிரட்டுகிறான். அதிகாரம் செலுத்தேன் என்ற மணநாள் சத்தியம் அங்கே சரிய, பெயர் பற்றிய கவலை மட்டும் எஞ்சுகிறது.

பாதி பித்துப் பிடித்தவளாக ஜனநெருக்கம் மிகுந்த தெருவில் எதிர்ப்பட்ட டோரிஜனைக் கண்டு மனமிரங்கிய ஆரீலியஸ் அவளை விடுவிக்க, மந்திரவாதியும் அவன் கடனைத் தள்ளிவிடுகிறான். இவர்களுள் பெருந்தன்மையில் மிக்கவர் யார் என்று கேட்டு நிலக்கிழார் கதையை முடிக்கிறார். ஆரீலியஸ் துறந்தது தனக்கு உரிமையில்லாததை. மந்திரவாதி துறந்தது வெறும் கூலியை. கணவன் அனுப்பியது தன்னையன்று, மனைவியை. தன்னையே பணயமாக வைத்துத் தெருவில் நடந்தவள் டோரிஜன் ஒருத்திதான். என் தீர்ப்பு அவள் பக்கமே.