மேற்கோள் கணக்கும் பிரெண்டா மில்னரும்

ஆராய்ச்சியாளரை எண்ணால் எடைபோடும் பழக்கம் நம் காலத்தில்தான் வேரூன்றியது. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955-இல் யோசனை சொன்னார். அறுபதுகளில் யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்ற அட்டவணையையே அச்சிட்டு விற்றார். 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ், எச்-இன்டெக்ஸ் கொண்டுவந்தார். இருபது கட்டுரைகள் தலா இருபது முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எண் 20. அவ்வளவுதான்.

நரம்பியல் உளவியலில் பிரெண்டா மில்னரை எடுத்துக்கொள்ளுங்கள். 1953-இல் ஹார்ட்ஃபோர்டில் டாக்டர் ஸ்கோவில், வலிப்பு நோயாளியான 27 வயது இளைஞர் ஒருவரின் மூளையில் இருபுறமும் சில பகுதிகளை அகற்றினார். வலிப்பு குறைந்தது, ஆனால் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. மாண்ட்ரீலில் மில்னரும் பென்ஃபீல்டும் இதே மாதிரி இரண்டு நோயாளிகளைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு ஸ்கோவில் தொலைபேசியில் அழைத்தார். மில்னர் இரவு ரயிலேறிப் போனார். 1957-இல் இருவரும் எழுதிய கட்டுரை ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டுவிட்டது. நினைவாற்றல் பாடமே அதிலிருந்துதான் தொடங்குகிறது என்றாலும் தகும். எச்-இன்டெக்ஸுக்கோ அது வெறும் ஒன்று! இருபதே மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஒன்றுதான். எனக்கு இது சரியாகப் படவில்லை.

கூட்டாளிகள் கணக்கும் இப்படித்தான். மில்னரின் மாணவி சூசன் கார்கின் அந்த நோயாளியை 1962-இல் சந்தித்து, பின்னர் நாற்பதாண்டுக்கு மேல் ஆராய்ந்தார். எத்தனை முறை பார்த்தாலும் அவருக்கு இவர்கள் புதியவர்களே. ஆனாலும் சோதனைகளுக்கு முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார். கட்டுரைகளில் அவர் 'எச்.எம்.' என்ற இரண்டெழுத்து மட்டுமே. ஹென்றி மோலைசன் என்ற முழுப்பெயர் 2008-இல் அவர் இறந்த பிறகே வெளிவந்தது.