கட்டணக் கேம் மாஸ்டர்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் கதையாட்டங்களைப் பணம் பெற்றுக்கொண்டு நடத்துபவர் கட்டணக் கேம் மாஸ்டர். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பாத்திரம்தான். ஊர், காடு, கடைக்காரர், எதிரி, வானிலை என மற்ற அனைத்தும் கேம் மாஸ்டரின் பொறுப்பு. ஒருவர் கதவை உடைக்கப் போவதாகச் சொன்னால், பகடையை உருட்டச் செய்து, விழுந்த எண்ணை விதியோடு பொருத்தி, கதவுக்கு அப்பால் இருப்பதை அந்தக் கணமே விவரிக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் கதவைத் தொடாமல் திரும்பிப் போனால், அவர்கள் போகும் வழிக்கும் ஒரு கதை கைவசம் இருந்தாக வேண்டும்.

இவ்வகை ஆட்டங்களில் முதலில் அச்சேறியது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் வெளிவந்தது. முதல் பதிப்பு 1,000 பிரதிகள். அதில் ஆட்டத்தை நடத்துபவருக்கு நடுவர் என்றே பெயர். டன்ஜன் மாஸ்டர் என்ற பெயர் பிறகு வந்தது. 1981இல் வெளியான 'கால் ஆஃப் கதுலு' அவரைக் கீப்பர் என்றும், 1991இல் வந்த 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' ஸ்டோரிடெல்லர் என்றும் அழைக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர் கேம் மாஸ்டர்.

நெடுங்காலம் இது நண்பர் குழுவில் ஒருவர் விரும்பி ஏற்ற வேலையாகவே இருந்தது. மற்றவர்கள் தின்பண்டம் கொண்டுவருவார்கள், அதுவே கூலி. 2014இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பு விதிகளை எளிதாக்கியது. 2015இல் மேத்யூ மெர்சர் கேம் மாஸ்டராக ஆட்டம் நடத்திய 'கிரிட்டிக்கல் ரோல்' நிகழ்ச்சி இணையத்தில் நேரலையாக வந்தது. அடுத்த ஆண்டு 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் இதே ஆட்டத்தை ஆடினார்கள். ஆட விரும்புவோர் பெருகினர். நடத்த முன்வருவோர் அந்த அளவுக்குப் பெருகவில்லை. ஒரு குழுவுக்கு நான்கைந்து ஆட்டக்காரர்கள் கிடைத்தாலும், நடத்த ஒருவர் கிடைப்பது அரிது. இந்தப் பற்றாக்குறைதான் தொழிலின் வேர். ஃபேண்டசி கிரவுண்ட்ஸ் (2004), ரோல்20 (2012) போன்ற மென்பொருள்கள் வரைபடத்தையும் பகடையையும் கணினித் திரைக்குக் கொண்டுவந்திருந்தன. 2020இல் கொரோனா பரவி வீடடங்கியபோது மேசை முழுவதுமே திரைக்குப் போயிற்று. ஆட்டக்காரரையும் கட்டணக் கேம் மாஸ்டரையும் இணைக்கும் ஸ்டார்ட்பிளேயிங் தளம் அவ்வாண்டில்தான் தொடங்கியது.

வருமானக் கணக்கில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தலைக்கு 20 டாலர் வீதம் ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால், ஓர் அமர்வுக்கு 100 டாலர். அமர்வு நான்கு மணி நேரம் என்றால், மணிக்கு 25 டாலர் எனத் தோன்றும். வரைபடம் தயாரிக்கவும், எதிரிகளை அமைக்கவும், சென்ற வாரக் குறிப்புகளைப் படிக்கவும், ஆட்டக்காரர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதவும் மேலும் நான்கு மணி நேரம் போனால் அது 12.50 ஆகிவிடும். தளத்தின் பங்கு, மென்பொருள் செலவு, வரி எல்லாம் அதற்குப் பிறகு. அமெரிக்காவில் சுயதொழில் வரி மட்டுமே 15.3 விழுக்காடு, மருத்துவக் காப்பீட்டையும் கைப்பணத்தில்தான் வாங்க வேண்டும். ஆகவே இதை மட்டும் நம்பி வாழ்பவர்கள் ஒரே கதையை வெவ்வேறு குழுக்களுக்கு நடத்தித் தயாரிப்பு நேரத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நிறுவனங்களின் குழு நிகழ்ச்சிகள், பள்ளி முடிந்த பின் சிறுவர்களுக்கு நடத்தும் ஆட்டங்கள், நூலக நிகழ்ச்சிகள் ஆகியவை கூடுதல் வழிகள். வாஷிங்டன் மாநிலத்தில் இயங்கும் 'கேம் டு குரோ' அமைப்பு, பதின்வயதினர் பிறரோடு பழகக் கற்பதற்கு இந்த ஆட்டங்களைப் பயன்படுத்துகிறது.

நட்புக்காக ஆடுவதைக் காசாக்கலாமா என்ற எதிர்ப்பு இன்றும் உண்டு. இலவசமாக நடத்துவோரை இது இழிவுபடுத்துகிறது என்பதும் அதில் ஒரு வாதம். அது வலுவற்றது. வீட்டில் பாடுபவரைக் கச்சேரிப் பாடகர் இழிவுபடுத்துவதில்லை. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: பணம் கொடுத்த ஆட்டக்காரரின் பாத்திரம் சாகலாமா? சாகக்கூடாது என்றால் பகடைக்குப் பொருளில்லை. நல்ல கேம் மாஸ்டர்கள் இதை முதல் ஆட்டத்துக்கு முன்பே, 'செஷன் ஜீரோ' எனப்படும் தொடக்கக் கூட்டத்தில் பேசி முடிக்கிறார்கள். கதையில் எவ்வளவு கொடூரம் வரலாம், எந்த விஷயத்தைத் தொடவே கூடாது என்பதும் அங்கேயே தீர்மானமாகும். ஆட்டத்தின் நடுவில் மனம் நோகும் ஒன்று வந்தால், காரணம் சொல்லாமலே அதைத் தவிர்க்கக் கோரும் 'எக்ஸ் கார்டு' முறையும் வழக்கில் உண்டு. இதை வடிவமைத்தவர் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ். முன்பின் தெரியாத ஐவரை வாராவாரம் ஒரே மேசையில் உட்கார வைப்பவருக்கு விதிப்புத்தக அறிவைவிட இந்தக் கவனம்தான் அதிகம் தேவைப்படுகிறது. பேசிக்கொண்டே இருப்பவரை நோகாமல் நிறுத்தவும், ஒதுங்கி அமர்ந்திருப்பவரிடம் கதையின் திருப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

நெடுங்கதை ஒன்று முடியும் வாரத்தில், அதுவரை நிரம்பியிருந்த ஐந்து இருக்கைகளும் ஒரேயடியாகக் காலியாகக்கூடும். அதனால் இறுதிப் போரை நடத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த கதைக்கான அறிவிப்பை எழுதி வைத்துவிடுவார்கள்.