நாமக்கல் முட்டை விலை இன்று

கூகுளில் இந்த நான்கு சொற்களை அடித்துப் பாருங்கள். வந்து விழும் பக்கங்களில் ஒன்றைத் திறந்தால், முட்டையில் என்ன சத்து என்று ஒரு பத்தி, நாமக்கல் ஏன் முட்டைக்குப் பேர்போனது என்று ஒரு பத்தி, நடுவே நகைக்கடை விளம்பரம், கடைசியில்தான் விலை இருக்கும். அதுவும் சில சமயம் நேற்றைய விலை. ராசிபுரத்தில் டி.டி.பி. சென்டர் நடத்திப் பிழைக்கும் எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சலைவிடச் சிரிப்புத்தான் வரும். இப்படி எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

எங்கள் பக்கத்தில் விலை தெரிந்துகொள்வது என்றைக்குமே பெரிய காரியம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் வந்தது. குழு அறிவிக்கும் விலை ஒன்று, அதில் வியாபாரி பிடிக்கும் 'மைனஸ்' இன்னொன்று. இரண்டும் தெரிந்தால்தான் பண்ணைக்காரருக்குக் கையில் என்ன நிற்கும் என்று கணக்குப் போட முடியும். எஸ்.டி.டி. பூத்தில் கேட்டார்கள், மறுநாள் பேப்பரில் சரிபார்த்தார்கள். லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர்களுக்கோ இதற்கு நேர்மாறான கவலை. யாரோ ஒரு வெளிமாநிலத்து முதலாளி தங்களைத் தேடிவர வேண்டும். அதனால் பட்டறைப் பெயரையும் போன் நம்பரையும் வண்டியிலேயே எழுதி அனுப்பினார்கள். எங்கோ ஒரு தாபாவில் வண்டி நிற்கும்போது, வேலைப்பாடு பிடித்துப்போன பக்கத்து வண்டிக்காரர் நம்பரைக் குறித்துக்கொள்வார். நல்ல வண்டி எத்தனை ஓடுகிறதோ அத்தனை பேர். 1998இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்) செய்தது ஏறக்குறைய இதே கணக்கு. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுபவை எப்பேர்ப்பட்டவை என்று பார்த்து வரிசைப்படுத்தினார்கள்.

ஆனால் தமிழுக்கு அந்த வரிசையில் நிற்கவே இடமில்லாமல் இருந்தது. நாங்கள் கல்யாணப் பத்திரிகையும் பிட் நோட்டீசும் அடித்தது பாமினியிலும் வானவில்லிலும். திரையில் தமிழாகத் தெரியும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். நாளிதழ்களின் இணையதளங்களும் அப்படியே. ஒவ்வொன்றையும் படிக்க ஒவ்வொரு எழுத்துருவை இறக்க வேண்டும். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியும் குழப்பம் தீரவில்லை. யூனிகோடும், அதில் தட்டெழுத இலவசமாகக் கிடைத்த இ-கலப்பையும் வந்த பிறகுதான் தேடுபொறியின் கண்ணுக்குத் தமிழ் தமிழாகத் தெரிந்தது. அரசு யூனிகோடை ஏற்றது 2010இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி. தேடலில் ஒரு பக்கத்தை மேலே கொண்டுவரும் வேலையை எஸ்.இ.ஓ. என்பார்கள். என்னைக் கேட்டால் தமிழில் நடந்த முதல் எஸ்.இ.ஓ. வேலை இந்த எழுத்துரு மாற்றம்தான். அதைச் செய்த யாரும் அதற்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை.

அந்த நாட்களில் வலைப்பதிவர்கள் கூகுளைப் பற்றிக் கவலைப்படவில்லை. பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டியாகக் காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணமே அவர்களுக்குக் கடைவீதி. புதிதாக மறுமொழி விழுந்த இடுகை முகப்பில் மேலே ஏறும். இதைக் கண்டுபிடித்த பின் கேட்க வேண்டுமா? 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று ஒருவர் வருவார், 'வந்துட்டேன்' என்று இன்னொருவர், பிறகு விடிய விடியக் கும்மி. ஒரு கட்டத்தில் மறுமொழி எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். தில்லுமுல்லைப் பிற்காலத்தில் எஸ்.இ.ஓ. நிபுணர்கள் கொண்டுவந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் அங்கே படிக்கிறவர் யார் என்று எழுதுகிறவருக்குத் தெரியும். அந்த நெருக்கம் கூகுளில் இல்லை.

திரட்டிகள் ஓய்ந்தபின் எல்லோரும் கூகுள் வாசலுக்கு வந்தோம். அங்கே தமிழுக்கென்று ஒரு சங்கடம் இருந்தது. 'சேலம்' என்று தேடுகிறவருக்குச் 'சேலத்தில்' என்று எழுதிய பக்கம் எளிதில் அகப்படாது. அதனால் தலைப்புகளில் வேற்றுமை உருபுகள் உதிர ஆரம்பித்தன: சேலம் மாம்பழம் விலை, சேலம் மழை நிலவரம், சேலம் பஸ் டைம். பதிவின் அடியில் ஐம்பது லேபிள் ஒட்டுவது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக நடிகை பெயர்களை ஒளித்துவைப்பது என்று வேலைகள் வளர்ந்தன. 2011இல் பாண்டா, 2012இல் பெங்குயின் என்று பெயர் வைத்து கூகுள் களையெடுத்ததும் இந்த வித்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

பிறகு பணம் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோவின் மலிவு இணையம், 2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் விளம்பரத்துக்குத் தமிழும் தகுதி என்ற அறிவிப்பு. தமிழில் எழுதினால் காசு என்றானதும், ஊர் பேர் தெரியாத தளங்கள் முட்டை விலையைப் பத்துப் பத்தியாக ஊதத் தொடங்கின. ஆளை நிறுத்திவைத்தால் விளம்பரம் ஓடும். விலை கடைசிக்குப் போனது அதனால்தான்.

இப்போது அந்தத் தளங்களின் கடையும் ஆட்டம் கண்டிருக்கிறது. கேள்விக்குப் பதிலைத் தானே திரட்டி மேலே காட்டும் ஏஐ சுருக்கத்தை 2024 ஆகஸ்டில் கூகுள் இந்தியாவில் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் விட்டது. முட்டையில் என்ன சத்து என்பதற்கு இனி யாரும் ஒரு தளத்துக்குள் நுழையப் போவதில்லை. அந்தப் பத்திகளுக்காக நான் அழமாட்டேன்.

அப்படியானால் எஸ்.இ.ஓ. முடிந்ததா? பாதி முடிந்தது. மீதிப் பாதிக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981இல் தொடங்கியது. ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் இன்றும் அதுதான் பெரிய சந்தை. அதற்குக் கிழங்கு போடும் விவசாயி 'மரவள்ளி சாகுபடி' என்று தேடமாட்டார். 'குச்சிக்கிழங்கு பாயிண்ட் ரேட்' என்றுதான் அடிப்பார், பலர் அதையும் ஆங்கில எழுத்திலேயே அடிப்பார்கள். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அவருக்குப் பணம். இந்த மூன்று சொற்களும் தலைப்பில் இருந்து, விலை முதல் வரியில் இருந்தால், அவர் அந்தப் பக்கத்துக்கு வந்துசேர்வார். சுருக்கம் எழுதும் யந்திரமும் அன்றைய ரேட்டை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். மில் வாசலில் நின்று கேட்டு எழுதிய ஆள் ஒருவர் இல்லாவிட்டால் அதற்கும் கதியில்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதன்சந்தை மாட்டுச்சந்தை செவ்வாய்க்கிழமை கூடுகிறது என்பதை வெளியூர்க்காரர் பெயரை வைத்து ஊகிக்க முடியாது. நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்ன விலைக்குப் போனது என்பது போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். போய்வந்தால் அன்றைக்கே எழுதிவிடுங்கள். தலைப்பில் ஊரும் தேதியும் போடுங்கள். விலையை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.