ஒரு வசைச்சொல் புகழ்ச்சொல் ஆன வரலாறு

இன்றைய ஆங்கிலத்தில் ‘என்தூஸியஸம்’ என்பது எவரையும் புண்படுத்தாத சொல். வேலைக்கு ஆள் தேடுவோர் அதனை ஒரு தகுதியாகவே விளம்பரத்தில் கேட்கிறார்கள். மாணவனுக்கு நற்சான்றிதழ் எழுதும் ஆசிரியர் மனமுவந்து அதனைச் சேர்க்கிறார். ஆயினும் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம், இங்கிலாந்தில் ஒருவரைச் சுட்டி அச்சொல்லைப் பிரயோகிப்பது, அவரைப் பித்தர் என்றோ, வஞ்சகர் என்றோ, ராஜ்யத்துக்கு ஆபத்தானவர் என்றோ தூஷிப்பதற்குச் சமானமாக இருந்தது.

சொல் கிரேக்கத்தினின்று வந்தது. மனிதனுக்குள் தெய்வம் குடிபுகுந்த நிலை என்பது அதன் ஆதிப் பொருள். அம்மன் கொடையில் சாமி வந்து ஆடுபவரைக் கண்டிருக்கும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இத்தகைய நிலையைக் கண்டு இங்கிலாந்து ஏன் அஞ்சிற்று என்பதே வரலாறு விடை சொல்ல வேண்டிய வினா. வேதாகமம் தாய்மொழியில் அச்சாகி எளியவர் கைக்கும் வந்துவிட்ட தேசம் அது. 1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டு, திருச்சபையின் ஆட்சியும் நூல் தணிக்கையும் ஒருங்கே தளர்ந்துபோக, செருப்புத் தைப்பவரும் நெசவாளரும் வேலைக்காரப் பெண்டிரும் தெருவில் நின்று, பரிசுத்த ஆவி தம்முள் பேசுகிறது என்று உபதேசிக்கத் தொடங்கினார்கள். 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையே கொய்யப்பட்டது. தெய்வம் நேரே பேசுமானால் பிஷப்பு எதற்கு, நீதிபதி எதற்கு, அரசன்தான் எதற்கு என்ற கேள்வி, சொத்தும் பதவியும் உடையோரின் உறக்கத்தைக் கெடுத்தது.

1656-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கொட்டும் மழையில், உள்ளொளியே வழிகாட்டி என்று நம்பிய குவேக்கர் கூட்டத்தின் பிரசாரகர் ஜேம்ஸ் நெய்லர் குதிரைமீது பிரிஸ்டல் நகருக்குள் பிரவேசித்தார். உடன் வந்தோர் அவர் முன்னே துதி பாடிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். இயேசு எருசலேமுக்குள் வந்த காட்சியைத் தாம் ஓர் அடையாளமாக நடித்துக் காட்டியதாக அவர் சொல்லியும், பாராளுமன்றம் செவிசாய்க்கவில்லை. தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டி, பல நாள் விவாதித்து, சவுக்கால் அடித்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாவைத் துளைத்து, நிந்தனையைக் குறிக்கும் ஆங்கில எழுத்தை நெற்றியில் சூடிட்டுச் சிறையில் அடைத்தது. அதே காலத்தில் அறிஞர் மெரிக் கசாபன் 1655-இலும், கேம்பிரிட்ஜ் தத்துவ ஞானி ஹென்றி மோர் 1656-இலும், இத்தெய்வ ஆவேச நிலையைக் குறித்துத் தனி நூல்களே எழுதி, தெய்வ அருள் என்று இத்தகையோர் மயங்குவதெல்லாம் உடம்பில் கரும்பித்தம் மிகுந்து மூளைக்கு ஏறும் ஆவியின் விகாரமே எனச் சாதித்தார்கள்.

1660-இல் முடியாட்சி மீண்ட பின்பும் அச்சம் தீரவில்லை. மறு ஆண்டு ஜனவரியில், கிறிஸ்துவின் ஆட்சியை வாள்கொண்டு ஸ்தாபிக்கப் புறப்பட்ட தாமஸ் வென்னரின் சிறு கூட்டம் லண்டன் வீதிகளைக் கலக்கியது. நிதானமே உருவான ஜான் லாக் கூட, மனித அறிவைப் பற்றிய தம் பெருநூலின் 1700-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘என்தூஸியஸத்துக்கென’ ஓர் அத்தியாயம் புதிதாகச் சேர்த்தார். உள்ளொளி தோன்றியது என்று ஒருவன் உறுதியாக நம்புவதாலேயே அது தெய்வத்திடமிருந்து வந்ததாகிவிடாது, அறிவின் தராசில் அதுவும் நிறுக்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம்.

அடுத்த சோதனை பிரான்சிலிருந்து வந்தது. மதக் கொடுமைக்குத் தப்பி 1706-இல் லண்டன் சேர்ந்த சில புராட்டஸ்டண்டுகள், உடல் வெடவெடக்க, மூச்சு வாங்க, வருவது உரைத்தார்கள்; ஆங்கிலேயரிலும் சிலர் அவர்களோடு சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான தாமஸ் எம்ஸ் என்பவர் 1707 டிசம்பரில் இறந்தபோது, அடுத்த மே மாதம் 25-ஆம் தேதி அவர் கல்லறையினின்று எழுவார் என்று கூட்டத்தார் அறிவித்தார்கள். அந்நாள் வந்தது, போயிற்று, எழுந்தவர் எவருமில்லை. இக்கூட்டத்தை முன்னிட்டு 1708-இல் ஷாப்ட்ஸ்பரி பிரபு வெளியிட்ட கடிதம் புதியதொரு மருந்தைச் சொல்லிற்று: இரும்பும் சிறையும் வேண்டா, பரிகாசம் போதும். பார்த்தலோமியூ சந்தையில் பொம்மலாட்டக்காரர்கள் இந்தத் தீர்க்கதரிசிகளைப் பகடி செய்வதே தக்க தண்டனை என்று அவர் கருதினார். நாவைத் துளைத்த காலம் போய், நகைத்து ஒதுக்கும் காலம் வந்தது. ஆனால் வசைச்சொல் வசைச்சொல்லாகவே நின்றது.

அதன் முழுப் பாரத்தையும் சுமந்தவர் மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி. 1739-இல் பிரிஸ்டல் அருகே வெட்டவெளியில் அவர் பிரசங்கித்தபோது கேட்டவர் பலர் அலறினர், தரையில் விழுந்தனர், அழுதனர். அவ்வூர் பிஷப்பு ஜோசப் பட்லர் அவரை நேரில் கண்டித்தார். எக்ஸிடர் பிஷப்பு லாவிங்டன் 1749-இல் மெதடிஸ்டுகளைப் போப்பின் சமயத்தாரோடு ஒப்பிட்டு, இரு சாராரின் மேலும் அச்சொல்லையே சுமத்தி எழுதினார். வெஸ்லியோ அதனை ஒருபோதும் பெருமையாக ஏற்கவில்லை. 1750-இல் அச்சான தம் பிரசங்கத்தில், அருளில்லாமலே தம்மைக் கிறிஸ்தவர் என்று எண்ணிக்கொள்வோர்தாம் மெய்யான ‘என்தூஸியாஸ்டுகள்’ என்று அதனைத் திருப்பி எய்தார். தாக்கியவரும் தாக்குண்டவரும் ஒருமித்து வெறுத்த சொல் அது!

விமோசனம் கவிகள் வழியே வந்தது. ஜான் டென்னிஸ் 1704-இலேயே உயர்ந்த கவிதைக்கு அவ்வெழுச்சி இன்றியமையாதது என்று வாதித்திருந்தார். 1744-இல் ஜோசப் வார்ட்டன் இயற்கையைக் காதலிப்பவனுக்கு அதையே பட்டமாகச் சூட்டி ஒரு கவிதைக்குத் தலைப்பிட்டார். 1755-இல் வெளியான ஜான்சனின் ஆங்கில அகராதி இவ்விரு நிலைகளையும் வரிசையிட்டுக் காட்டுகிறது: முதற்பொருள் தெய்வம் தனக்கு மட்டும் அறிவித்ததாக நம்பும் வீண் மயக்கம், கடைசிப் பொருள் கற்பனையின் உயர்ச்சி.

1762-இல் ஓவியர் ஹோகார்த் வெளியிட்ட கேலிச் சித்திரத்தில், மெதடிஸ்டு ஒருவரின் மூளைமேல் ஒரு வெப்பமானி நட்டு, பக்தியின் சூடு பித்து வரை ஏறுவதை அளந்து காட்டியிருக்கிறார். 1780-இல் எடின்பரோ வைத்தியர் ஜான் பிரௌன் அத்தகைய அளவையைப் பரிகாசமின்றியே கையாண்டார். ‘எக்ஸைட்மென்ட்’ என்னும் கிளர்ச்சிதான் உயிரே, அது மிகினும் குறையினும் நோய் என்பது அவர் சித்தாந்தம். குறைந்தவருக்கு அவர் தந்த மருந்துகளில் அபினியும் மதுவும் முக்கியமானவை. மனவெழுச்சி இவ்வாறு தேவலோகத்தினின்று நரம்புக்கு இறங்கிவிடவே, அதில் அஞ்சத்தக்கது எதுவும் மிஞ்சவில்லை.

ஹோகார்த்தின் அச்சித்திரத்துக்கு முதலில் அவர் வைத்த தலைப்பில் ‘என்தூஸியஸம்’ இருந்தது. திருத்தி வெளியிட்ட தலைப்பில் அந்த இடத்தை, மதவெறியைக் குறிக்கும் ‘பனாட்டிஸிஸம்’ பிடித்துக்கொண்டது. கோயிலைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்று பிறந்த அச்சொல் பழியைத் தான் ஏற்றது. அதன் குறுக்கமாகிய ‘பேன்’, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தின் ரசிகருக்கு உரிய செல்லப்பெயராயிற்று. ஆட்டத்தைக் கண்டு ஒருவன் ஆவேசங்கொண்டால் எவர் சிம்மாசனமும் ஆடுவதில்லை. நெய்லர் மேல் சுமத்திய பழியை எவரும் நீக்கவில்லை. அவர் தமக்குள் இருப்பதாக நம்பிய தெய்வத்தைச் சொல்லினின்று வெளியேற்றிய பிறகே, சமூகம் அந்தச் சொல்லுக்கு மரியாதை கொடுத்தது.