மருத்துவக் கல்லூரித் தேர்வும் பி.ஜி. ஆயத்தமும்: அவிநாசி வட்டாரம்

கோயம்புத்தூரின் அவிநாசி சாலையில் பீளமேட்டையும் அதை அடுத்த பகுதிகளையும் கடப்பதற்குள் மூன்று மருத்துவக் கல்லூரிகள் வந்துவிடும். 1966-இல் தொடங்கிய கோவை அரசு மருத்துவக் கல்லூரி, 1985-இல் வந்த பி.எஸ்.ஜி., 2019-இல் சேர்ந்த கே.எம்.சி.எச். சாலைக்குப் பெயர் தந்த அவிநாசியில் மருத்துவக் கல்லூரி கிடையாது. அதே நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் பெருந்துறை. அங்கே காசநோய் மருத்துவமனை வளாகத்தில் 1992-இல் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பெயரில் எழுந்த கல்லூரி இப்போது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. தெற்கே திருப்பூரில் 2022 ஜனவரி 12 அன்று, தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளில் ஒன்றாக, 100 இடங்களுடன் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆக, அவிநாசியில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் அரைடஜன் கல்லூரிகள் உண்டு. எது கிடைக்கும், கிடைத்தால் எதை எடுப்பது, எடுத்தபின் எம்.டி., எம்.எஸ். படிப்புக்கு எப்போதிருந்து தயாராவது என்ற மூன்று கேள்விகளையும் வீடுகளில் தனித்தனியாகவே பேசுகிறார்கள். உண்மையில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பதினெட்டு வயதில் எடுக்கும் கல்லூரியின் விளைவு இருபத்து நான்கு வயதில்தான் தெரியவரும்.

சீட் வரும் வழி

தமிழ்நாடு தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைச் சட்டம் இயற்றி நீக்கியபின், 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எனச் சுருக்கி 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். ராசிபுரம், நாமக்கல், ஈரோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் புகழடைந்தது அந்தக் காலத்தில்தான். 2017-இல் நீட் வந்ததும் அந்தப் பள்ளிகளில் பலவும் பயிற்சி மையங்களைச் சேர்த்துக்கொண்டு பிழைத்துக்கொண்டன. மாட்டிக்கொண்டவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். அந்த ஆண்டு, நீட்டால் இடம் கிடைக்காத அரியலூர் மாணவி அனிதாவின் மரணம் மாநிலத்தையே உலுக்கியது. பின்னர் நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2020-இல் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு சட்டமானது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நீட்டிலிருந்து விலக்கு கேட்டுச் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று குறையும். மதிப்பெண்ணில் பாதி உயிரியலிலிருந்து வருகிறது. ஆனால் ரேங்க்கை ஏற்றி இறக்குவது இயற்பியல் என்பது ரிப்பீட்டர் வகுப்பில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதி 85 விழுக்காட்டுக்கு மாநிலக் கவுன்சிலிங், அதில் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு. இந்த இரண்டு வாசல்களுக்கும் சான்றிதழ் வேறு வேறு என்பதைப் பலர் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். தமிழ்நாட்டின் பி.சி. பட்டியலில் வருமான வரம்பு கிடையாது. அகில இந்திய ஒதுக்கீட்டின் ஓ.பி.சி. 27 விழுக்காட்டுக்கோ கிரீமி லேயருக்கு வெளியே இருக்க வேண்டும், அதற்குத் தனிச் சான்று வேண்டும். சொந்தமாகத் தையல் யூனிட் நடத்தும் குடும்பத்துப் பிள்ளை மாநிலத்தில் பி.சி.யாகவும், டெல்லிக் கணக்கில் பொதுப் பிரிவாகவும் நிற்பது இப்படித்தான்.

பனியன் தொழில் வட்டாரத்துக்கென்றே அமைந்ததுபோல இன்னொரு வழியும் உண்டு. ஈ.எஸ்.ஐ. கழகத்தின் மருத்துவக் கல்லூரிகளில் காப்பீடு செய்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் தொழிலாளி, உரிய காலம் சந்தா செலுத்தியிருந்தால், பிள்ளைக்கு அந்தச் சான்றைக் கேட்கலாம். அகில இந்தியக் கவுன்சிலிங் வழியாக நிரம்பும் இந்த இடங்களுக்குப் பொதுப் பிரிவைவிடக் கீழே உள்ள ரேங்க்கிலும் சீட் கிடைப்பதுண்டு. கட்டிங், செக்கிங், அயர்னிங் பார்ப்பவர்களின் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் கழிகிற அந்தச் சில ரூபாய்க்கு இப்படி ஒரு பயன் இருப்பதைப் பள்ளிகளில் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது, கிடைக்கக்கூடியதை மேலே வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கணினி அப்படி இயங்குவதில்லை. ரேங்க்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து படித்து, முதலில் காலியாகத் தென்படும் இடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறது. ஆகவே உண்மையான ஆசை எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில்தான் பட்டியலும் இருக்க வேண்டும்.

கல்லூரிகளை எடைபோடுவது

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைத் தவிர்த்தால், இந்த வட்டாரத்துக் கல்லூரிகளின் மாணவர்கள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஒரே கேள்வித்தாளை எழுதுகிறார்கள். பட்டமும் ஒன்றே. ஆகவே கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுவது பாடம் அல்ல, வார்டு. எத்தனை நோயாளிகள், எந்த வகை நோய்கள், அவர்களைத் தொட்டுப் பார்க்க மாணவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பவைதான் கேட்க வேண்டியவை. கட்டடத்தின் கண்ணாடி முகப்பை வைத்து முடிவு செய்வது, கம்பெனியின் ஷோரூமைப் பார்த்துத் துணியின் தரத்தைச் சொல்வதுபோல.

கோவை அரசுக் கல்லூரியின் மருத்துவமனையான ஜி.எச்.சுக்குக் கொங்கு முழுவதிலிருந்தும் கேஸ்கள் வந்து சேர்கின்றன. பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர்கள், மற்ற மருத்துவமனைகள் கைவிட்ட பிரசவங்கள் என்று இரவுப் பணியில் உட்கார நேரமிருக்காது. நெடுஞ்சாலை விபத்துகளைச் சொல்ல வேண்டியதில்லை. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்தது இன்னும் பேசப்படுகிறது. இவ்வளவு கேஸ்கள் வரும் பழைய கல்லூரியில் ஒரு சிக்கலும் உண்டு. அங்கே பி.ஜி. மாணவர்கள் நிறைய இருப்பார்கள். டியூப் போடுவது, தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் முதலில் அவர்கள் கைக்குப் போகும். ஹவுஸ் சர்ஜனுக்கு ரத்தம் எடுப்பதும், ரிப்போர்ட் வாங்கிவர லேபுக்கு நடப்பதும் மிஞ்சும். திருப்பூரைப் போன்ற புதிய கல்லூரியில் பி.ஜி. கூட்டம் குறைவாக இருப்பதால் ஹவுஸ் சர்ஜனுக்கே கை பழகும் வாய்ப்பு கூடும். ஆனால் சந்தேகம் கேட்க நினைக்கும்போது பேராசிரியர் பணியிடம் காலியாக இருக்கலாம். ஆசிரியர் பற்றாக்குறையைக் காட்டித் தேசிய மருத்துவ ஆணையம் 2025-இல் தமிழக அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றிடம் விளக்கம் கேட்டதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் பழைய கல்லூரியில் சேர்ந்தவர் அருகில் படிக்கும் சீனியர்களைப் பார்த்தே பி.ஜி. வழியைக் கற்றுக்கொள்கிறார். எந்தத் துறையில் எப்படி வாழ்க்கை இருக்கும் என்பதை நேரில் காண்பது எந்த வழிகாட்டி வகுப்பிலும் கிடைக்காது. கோவை, திருப்பூர் இரண்டுக்கும் ரேங்க் இடம் கொடுத்தால் கோவையையே எடுக்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் சாய்வு. ஆனால் வீட்டிலிருந்து போய்வரும் தூரம் என்பது, குறிப்பாகத் தாய்க்கோ தந்தைக்கோ உடல்நலம் சரியில்லாத குடும்பங்களில், சிறிய காரணம் அல்ல.

கட்டணத்தில் அரசுக் கல்லூரி ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிகிறது. தனியார் கல்லூரிகள், சிறுபான்மையினர் நடத்துபவை அல்லாதவை, 65 விழுக்காடு இடங்களை அரசுக்குத் தர வேண்டும். அங்கே கட்டணம் லட்சங்களில், ஆனால் குழு நிர்ணயிப்பது. நிர்வாக ஒதுக்கீடு அதன் மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. காடு விற்று எம்.பி.பி.எஸ். சேர்த்த குடும்பம், பி.ஜி.க்கு விற்க என்ன இருக்கிறது என்பதையும் அன்றைக்கே கணக்குப் பார்க்க வேண்டும். எம்.பி.பி.எஸ்.சோடு படிப்பு நின்றுவிடும் காலம் போய்விட்டது.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2021 நவம்பரில் வந்த விதிகளின்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாத உறைவிடப் பயிற்சி, ஆங்கிலவழிக் கல்வி, பிறகு இந்தியாவில் மீண்டும் 12 மாதப் பயிற்சி. இதற்கிடையே எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். ஏஜென்ட் காட்டும் படத்தில் பனிமலை இருக்கும், இந்த விதிகள் இருக்காது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது திரும்பி வந்த மாணவர்கள் இந்திய விதிகளோடு பல மாதங்கள் மல்லுக்கட்டினார்கள்.

பி.ஜி. ஆயத்தம்

அமெரிக்காவில் ரெசிடென்சி என்றும் இங்கே பி.ஜி. என்றும் சொல்லப்படுவது ஏறத்தாழ ஒன்றே. மூன்றாண்டுகள் மருத்துவமனையிலேயே கிடந்து, ஒரு துறையில் எம்.டி. அல்லது எம்.எஸ். பெறுவது. தேசிய வாரியத்தின் டி.என்.பி.யும் அதற்குச் சமம். அமெரிக்காவுக்குப் போக நினைப்பவர்களுக்கு யு.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டம் 2022 ஜனவரி முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே வருகிறது. அதனால் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணின் எடை கூடிவிட்டது.

2016 வரை தமிழ்நாடு தனக்கென பி.ஜி. நுழைவுத் தேர்வு நடத்தியது. 2017 முதல் நீட் பி.ஜி. மட்டுமே. 200 கேள்விகள், 800 மதிப்பெண்கள், மூன்றரை மணி நேரம். 2024 முதல் தாள் ஐந்து பகுதிகளாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் 40 கேள்விகள், 42 நிமிடங்கள், நேரம் முடிந்தால் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது. தெரியாததை விட்டுவிட்டுக் கடைசியில் வந்து பார்ப்போம் என்ற பழைய பழக்கம் இதில் உதவாது. கிராண்ட் டெஸ்ட்டையும் 42 நிமிடத் துண்டுகளாகவே எழுதிப் பழக வேண்டியிருக்கிறது. எய்ம்ஸ், ஜிப்மர், பி.ஜி.ஐ. சண்டிகர், நிம்ஹான்ஸ் ஆகியவற்றுக்கு ஐ.என்.ஐ.-சி.இ.டி. தனியாக ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் கொங்கு மாணவர்களுக்கு எட்டிப்பிடிக்கும் தூரம் என்பதால் இதையும் பலர் எழுதுகிறார்கள்.

பாடங்கள் 19. முதலாண்டில் படிக்கும் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் இறுதியாண்டு வருவதற்குள் மறந்துவிடும். நோயியல், மருந்தியல், நுண்ணுயிரியல் இரண்டாம் கட்டத்தில் வருபவை. பி.ஜி. கேள்விகளில் இவற்றின் அடித்தளம் எங்கும் தலைகாட்டும் என்பதால், இவற்றைச் சரியாகப் படித்துவைத்தவருக்கு மருத்துவமும் அறுவையும் பாதி சுமைதான். இரண்டாமாண்டிலேயே பயிற்சிச் செயலிக்குப் பணம் கட்டி, வார்டுக்குப் போகாமல் விடுதி அறையில் வீடியோ பார்க்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. இது தவறான கணக்கு. கேள்விகள் இப்போது நோயாளியின் கதையாகவே வருகின்றன: வயது, தொழில், எத்தனை நாளாகக் காய்ச்சல், என்ன படம். மூச்சுத்திணறலோடு ஓ.பி.க்கு வரும் பஞ்சாலைத் தொழிலாளியிடம் எத்தனை ஆண்டு வேலை, வாரத்தில் எந்த நாளில் தொந்தரவு அதிகம் என்று கேட்டுக் கேஸ் ஷீட் எழுதியவருக்கு, பஞ்சுத்தூசி நோயைப் பற்றிய கேள்வி மனப்பாடம் செய்யாமலே விளங்கும். விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். வார்டில் நின்றவர்தான் அதை மறக்காமல் வைத்திருப்பார்.

தேதியை மட்டும் நம்பக் கூடாது. 2021 ஏப்ரலில் நடக்க வேண்டிய தேர்வு கொரோனாவால் செப்டம்பருக்குப் போனது. 2024-இல் ஜூன் 23 தேர்வு முந்தைய நாள் இரவில் தள்ளிவைக்கப்பட்டு ஆகஸ்ட் 11 அன்று நடந்தது. 2025-இல் ஒரே ஷிஃப்ட்டில் நடத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதால் ஆகஸ்ட் 3-க்கு நகர்ந்தது. ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் நாள் குறித்துத் திட்டம் போட்டவர்கள் சோர்ந்துபோனது இதனால்தான். காஷுவாலிட்டியிலும் லேபர் வார்டிலும் பணி இருக்கும் மாதங்களில் படிப்பு ஓடாது. சமூக மருத்துவம், கண், காது-மூக்கு-தொண்டை போஸ்டிங்குகளில் ஓடும். இந்த ஏற்ற இறக்கத்தை ஏற்றுக்கொண்டு படித்தவர்களே கடைசிவரை தாக்குப்பிடிக்கிறார்கள்.

ரேங்க் வந்தபின் துறை. ரேடியாலஜி, பொது மருத்துவம், தோல் ஆகியவை முதலில் மூடும். உடற்கூறியல் போன்றவை காலியாகக் கிடக்கும். 2023-இல் தகுதி வரம்பைச் சுழியம் பெர்சன்டைலுக்கு இறக்கியும் இந்த நிலை மாறவில்லை.

சர்வீஸ் வழி

அரசுக் கல்லூரியின் 100 பி.ஜி. இடங்களில் 50 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி 50-இல் பாதி அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. இந்த உரிமையைத் தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாநிலங்களுக்கு உறுதிசெய்தது. 2012-இல் உருவான மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், சுருக்கமாக எம்.ஆர்.பி., நடத்தும் தேர்வில் உதவி மருத்துவராகி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றி, பிறகு சர்வீஸ் கோட்டாவில் பி.ஜி. படிப்பது இப்பகுதியில் நன்கு பழகிய பாதை. சம்பளத்தோடு படிப்பு என்பதால் கடன்பட்ட குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். அரசுப் பணியில் இல்லாமல் சேர்பவர்கள் படிப்பு முடிந்ததும் அரசு மருத்துவமனையில் பணிபுரிய பாண்ட் எழுதித் தர வேண்டும்.

2025 ஜனவரி 29 அன்று, பி.ஜி. படிப்பில் இருப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. படித்த கல்லூரியை அடிப்படையாகக் கொண்ட முன்னுரிமையை ஓரளவுக்கு மட்டும் அனுமதித்தது. எங்கே எம்.பி.பி.எஸ். படித்தோம் என்பது பி.ஜி. வாசலில் மறுபடியும் எடைபெறக்கூடும் என்பதால், முதல் தேர்வைச் செய்யும்போதே இந்தத் தீர்ப்பும் கணக்கில் வருகிறது.

பி.ஜி. சேர்ந்தபின் மாவட்ட உறைவிடப் பயிற்சி என்று மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றுவது இப்போது கட்டாயம். பெரிய கல்லூரியின் ஸ்கேனும் சீனியர்களும் இல்லாத இடத்தில், வரும் நோயாளியை வைத்துத் தானே முடிவெடுக்க வேண்டிய மூன்று மாதம் அது.